இல்லாமையில் வெந்த கேக்

வீட்டில் தோல் கருத்துப்போன வாழைப்பழம் மூணு கிடக்குதா?

தூக்கிப் போட்டுடாதீங்க.

அதைப் பிசைந்து மைதாவில் கலந்து, நடுவே சாக்லேட் ஹேசல்நட் ஸ்ப்ரெட் விட்டு வீட்டிலேயே கேக் சுடலாம். இன்றைக்கு அது ஆடம்பரப் பண்டம். ஆனால் அது வந்த வழி முழுக்க நோயும் பஞ்சமும் போரும்தான்.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃப்ரட் பேர்ட் என்பவர் மருந்துக்கடை வைத்திருந்தார். அவருடைய மனைவி எலிசபெத்துக்கு முட்டை ஒத்துக்காது. ஈஸ்ட்டும் ஒத்துக்காது. "அலர்ஜி" என்ற சொல்லே மருத்துவத்துக்குள் வராத காலம். அது வந்தது 1906இல். மனுஷன் சும்மா இருக்கவில்லை. 1837இல் முட்டையே இல்லாத கஸ்டர்ட் பவுடரைச் செய்தார். ஆமாம், நாம் ஃப்ரூட் சாலட்டுக்குக் கலக்குறோமே, அதேதான். 1843இல் ஈஸ்ட் இல்லாமலே ரொட்டியை உப்ப வைக்கும் பேக்கிங் பவுடரைச் செய்தார்.

சோடாவும் அமிலமும் ஈரத்தில் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு குமிழி கிளம்பும். மாவு புளித்துப் பொங்க மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டாம். வாழைப்பழம் பிசைந்த கனமான மாவுகூட இதனால்தான் உப்புது.

அடுத்து அமெரிக்கா. 1929இல் பங்குச்சந்தை சரிந்து, ஊரெல்லாம் வேலை போச்சு. அழுகுற நிலையில் உள்ள பழத்தைக்கூட வீச மனசு வராத நாட்கள் அவை. 1930களின் சமையல் புத்தகங்களில் வாழைப்பழ ரொட்டி வரிசையாக இடம்பிடித்தது இந்தச் சமயத்தில்தான். 1933இல் பில்ஸ்பரி மாவு கம்பெனி வெளியிட்ட குறிப்புப் புத்தகத்திலும் அது இருக்கு. மாவு விற்கிறவங்களுக்கு இதைவிட நல்ல விளம்பரம் ஏது!

இனி ஸ்ப்ரெட் கதை.

இத்தாலியின் வடமேற்கே பியட்மான்ட். அங்கே ஆல்பா என்ற ஊரில் பியத்ரோ ஃபெரேரோ இனிப்புக்கடை நடத்தினார். இரண்டாம் உலகப்போர் முடிந்த நேரம். கொக்கோ கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் யானை விலை. ஆனால் சுற்றியுள்ள குன்றுகளில் ஹேசல்நட் ஏராளமாக விளைந்தது. கொஞ்சம் கொக்கோவில் நிறைய ஹேசல்நட்டை அரைத்துச் சேர்த்து 1946இல் ஒரு கட்டி செய்தார். அதைக் கத்தியால் சீவி ரொட்டிமேல் வைத்துத் தின்னலாம். சாக்லேட் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் சாக்லேட் ருசி கிடைத்தது.

1949இல் மாரடைப்பில் பியத்ரோ இறந்தார். வயசு ஐம்பதுதான். 1951இல் அந்தக் கட்டி தடவுற பதத்துக்கு வந்தது. 1964இல் மகன் மிக்கேலே அதை மாற்றியமைத்து நுடெல்லா என்று பெயர் வைத்தார்.

இப்போ அந்த பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படிங்க. முதல் பெயர் சர்க்கரை, அடுத்தது பாமாயில். ஹேசல்நட் வெறும் 13%. நூறு கிராமில் சுமார் 56 கிராம் சர்க்கரை. கொக்கோ பஞ்சத்தைச் சமாளிக்கப் பிறந்த பொருளில் பாதிக்கு மேல் சர்க்கரை! சரிவிகித காலை உணவு என்பதுபோல விளம்பரம் செய்ததற்காக அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2012இல் சுமார் 30 லட்சம் டாலருக்கு அந்தக் கம்பெனி சமரசம் செய்துகொண்டது.

அப்ப சாப்பிடவே கூடாதா டாக்டர்?

சாப்பிடலாம். மூணு பழம், ஒன்றரை கப் மைதா, ரெண்டு முட்டை, 75 கிராம் வெண்ணெய், ஒரு டீஸ்பூன் பேக்கிங் சோடா. ஸ்ப்ரெட் நாலு டேபிள்ஸ்பூன் போதும், அதிலேயே பத்து டீஸ்பூன் சர்க்கரை வந்துடும். பழம் கருக்கக் கருக்க அதன் மாவுச்சத்தும் சர்க்கரையாக மாறியிருக்கும். அதனால் தனியாகச் சர்க்கரை கொட்டாதீங்க.

"சர்க்கரையே போடலையே" என்று சுகர் உள்ளவங்க நாலு துண்டு எடுக்க வேண்டாம். மைதாவும் பழமும் போதும், சுகரை ஏத்திவிட. நட்ஸ் அலர்ஜி உள்ள குழந்தைக்கு ஒரு துளிகூடக் கூடாது. விருந்துக்குச் செய்தால் பரிமாறும் முன்னாடியே கேட்டுடுங்க.

170 டிகிரியில் சுமார் ஒரு மணி நேரம். குச்சியால் குத்திப் பாருங்க. ஸ்ப்ரெட் உள்ள இடத்தில் பிசுபிசுன்னுதான் வரும், வேகலைன்னு நினைச்சுக் கருக்கிடாதீங்க. ஓரமாக் குத்திப் பாருங்க.