எம்டன் கப்பற்றலைவர் முல்லர்

‘எம்டன்’ என்று சாமர்த்தியசாலியைச் சுட்டுவது நம் நாட்டு வழக்கு. இச்சொல்லுக்குக் காரணமான ஜெர்மானியக் கப்பற்றலைவர் கார்ல் வான் முல்லரின் சரிதம், கடலோரவாசிகளாகிய நாம் அறியத்தக்கதாம். 1873-ல் ஹானோவரிற் பிறந்த அவர், 1914 செப்டம்பர் 22 இரவு, நமது பாலவாக்கத்திற்கு வடக்கேயுள்ள சென்னைத் துறைமுகத்தை நோக்கி 100-க்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தினார். உயிர்ச்சேதமும் நேர்ந்தது, ஜனங்கள் பலர் நகரைவிட்டு ஓடினர். எனினும், தாம் பிடித்த வர்த்தகக் கப்பல்களை மூழ்கடிக்குமுன் மாலுமிகளைப் பத்திரமாக அப்புறப்படுத்துவது அவர் வழக்கம். அதனைப் பகைவரான ஆங்கிலேயரும் பாராட்டினர். நவம்பர் 9-ல் கொக்கோஸ் தீவருகே, ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் தோற்றுச் சிறைப்பட்டார், 1923-ல் காலமானார். நம் வழக்குச் சொல் அவர் விளைத்த அச்சத்தையே நிலைநிறுத்தியது. அவர்தம் கருணையையும் நம் குலத்து இளைஞர் மறவாதிருப்பாராக.