அல்லரஹந்தா: ஒரு பெயரின் வரலாறு

ஐஸ்லாந்து மக்கள் சமையலிற் சேர்க்கும் வாசனைச் சரக்கொன்றை 'அல்லரஹந்தா' என்பர். 'எல்லா வகையினதும்' என்பது அதன் பொருள். 'ஹந்தா' என்பது கையைக் குறிக்கும் சொல்லின் வடிவம். அச்சொல் பக்கத்தையும், பின்னர் வகையையும் குறிப்பதாயிற்று.

பெயரைக் கேட்போர் இதனைப் பல சரக்குகளின் கலவையெனவே கருதுவர். உண்மையில் இது ஜமேக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் வளரும் ஒரே மரத்தின் உலர்ந்த காய். கராம்பு, கறுவா, சாதிக்காய் ஆகியவற்றின் மணம் அதில் ஒருங்கே வீசுதலின் இப்பெயர் பெற்றது. ஸ்பானியரோ மிளகென மயங்கி, மிளகின் பெயரையே அதற்கு இட்டனர்.

டேனிய மொழியிலும் இதற்கு இதே பொருளுடைய பெயரே வழங்குகிறது. 1602 முதல் 1787 வரை ஐஸ்லாந்தின் வணிகம் டேனியரின் தனியுரிமையாயிருந்தது. அயற்சரக்குகள் அவர்தம் கப்பல்களிலேயே வந்தன. ஆதலின், ஐஸ்லாந்துச் சொல் டேனியச் சொல்லின் வழி நிற்பது வியப்பன்று. காயின் இயல்பை மறைத்த பெயர், வணிகத்தின் வழியை மறைக்கவில்லை.