பிஜிபி வழித்தட வரம்பு: 2021-இல் வோடபோன் ஐடியா வலையமைப்பில் நேர்ந்தது என்ன?

2021 ஏப்ரல் 16 அன்று வோடபோன் ஐடியாவின் வலையமைப்பு, தனக்குரியவை அல்லாத 30,000-க்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகளைத் தன்னுடையவை என உலக இணையத்திற்கு அறிவித்தது. ஏறத்தாழ 10 நிமிடங்கள் நீடித்த அப்பிழையால், அதனை நோக்கி வந்த தரவுப் போக்குவரத்து 13 மடங்கு உயர்ந்தது.

எந்தெந்த முகவரிகளுக்குத் தம் வழியே செல்லலாம் என்பதை வலையமைப்புகள் பிஜிபி நெறிமுறை வாயிலாக அண்டை வலையமைப்புகளுக்கு அறிவிக்கின்றன. சொன்னதை அப்படியே நம்புவது இந்நெறிமுறையின் இயல்பு. ஆகவே காவல் இரு முனைகளிலும் தேவை. அனுப்புபவர், தமக்கும் தம் வாடிக்கையாளருக்கும் உரிய முகவரிகள் மட்டுமே வெளிச்செல்லுமாறு வடிகட்டி அமைக்க வேண்டும். பெறுபவரும் வடிகட்டுவதுடன், எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, வழக்கமாக 200 வழித்தடங்களை அனுப்பும் அண்டைக்கு 300 என வரம்பிடலாம். 240-ஐ எட்டும்போது எச்சரிக்கை பதிவாகும். 300-ஐத் தாண்டினால் இணைப்பு துண்டிக்கப்படும். அது தானாக மீளுமாறு அமைத்தால், பிழை திருத்தப்படாத வரை மீண்டும் மீண்டும் அறுபடும்.

எனினும், வரம்பு எண்ணிக்கையை மட்டுமே அறியும். கேரள எல்லைப் பகுதியான அமரவிளையின் கலால் சோதனைச் சாவடியில் லாரிகளை எண்ணுவதால் மட்டும் கடத்தல் பிடிபடுமா? 2008 பிப்ரவரி 24 அன்று யூடியூப் சேவையை உலகெங்கும் முடக்கியது, பாகிஸ்தான் டெலிகாமின் ஒரேயொரு தவறான வழித்தட அறிவிப்பு. எண்ணிக்கை வரம்பு அதனைத் தடுத்திராது. மேல்நிலை நிறுவனத்தின் வடிகட்டி தடுத்திருக்கும்.