முத்துக்குளித்துறையில் ஒரு மர்மதேசம்

2024 அக்டோபரில் ஒரு நண்பகல். நம் கல்லூரியின் ஆசிரியர் அறையில் உணவுப் பாத்திரங்கள் திறக்கப்பட்டுக்கொண்டிருந்தன. வணிகவியல் துறை நண்பர் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்த்தி, "சார், மர்மதேசம் நாகா புதுசா ஒரு தொடர் எடுத்திருக்காராம். 'ஐந்தாம் வேதம்'னு பேரு" என்றார். அறையில் எட்டுப் பேர் இருந்தோம். நாற்பது வயதைக் கடந்த ஐவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினோம். இளையவர் மூவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எம்மை வேடிக்கை பார்த்தனர்.

அன்று எழுந்த கேள்விகளை நினைவிலிருந்து எழுதுகிறோம். கருப்பு வருமா? அந்தப் பழைய முகப்பு இசையைப் போடுவார்களா? கதை இந்திரா சௌந்தர்ராஜனுடையதா? தேவதர்ஷினி உண்டா? புதிய தொடர் எதைப் பற்றியது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கணிதத் துறை நண்பர் (திரேஸ்புரத்துக்காரர், தந்தையார் சங்குகுளித் தொழிலில் இருந்தவர்) நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வாராவாரம் போடுவாங்களா, எல்லாத்தையும் ஒரே நாளில் போட்டுருவாங்களா?" என்று கேட்டார். அப்போது அது அற்பமான ஐயமாகவே நமக்குத் தோன்றியது.

நம் காலத்துப் படைப்பாளி ஒருவர் மீண்டும் வருகிறார் என்ற செய்தி கேட்டதும் நாம் ஏன் அவரிடம் பழையதையே கேட்கிறோம்? அன்று மாலை வீடு திரும்புகையில் தொடங்கிய இந்த யோசனை, நமது கரையின் வரலாற்றுக்குள் நம்மை இழுத்துச் சென்றது.

இக்கரையின் செவிகளும் கண்களும் நெடுங்காலம் கடலுக்கு அப்பால் திரும்பியிருந்தவை. சென்னையைக் காட்டிலும் கொழும்பு நமக்கு அண்மை. இலங்கை வானொலியின் கே.எஸ்.ராஜாவையும் பி.எச்.அப்துல் ஹமீதையும் உறவினரைப் போலப் பேசிய வீடுகள் தூத்துக்குடியில் ஏராளம். 1982 பிப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியபோது, நம் ஊரின் மாடிகளில் உயர்ந்த குழாய்க் கம்பங்கள் முளைத்தன. மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே நிற்பவர் "வந்துட்டு, வந்துட்டு, ஐயோ போயிட்டு" என்று கத்துவார். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975லேயே தொடங்கிவிட்டது எனினும் அந்த அலை நம்மை எட்டவில்லை. கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகே தமிழகத்தின் படம் நமக்குத் தெளிவாகத் தெரிந்தது. சிங்களம் அறியாதவர்கள் சிங்கள நாடகம் பார்த்து, கதையைத் தாமே இட்டுக்கட்டிக்கொண்ட அந்த ஆண்டுகளைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில், கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத் தயாரிப்பில் 'மர்மதேசம்' வந்தது. ரகசியம், விடாது கருப்பு, சொர்ண ரேகை, இயந்திரப் பறவை, எதுவும் நடக்கும் என விரிந்த அவ்வரிசையின் முதல் இரண்டையும் இயக்கியவர் நாகா. கதைகள் இந்திரா சௌந்தர்ராஜனுடையவை. 'விட்டு விடு கருப்பா' என்ற அவரது புதினமே திரையில் 'விடாது கருப்பு' ஆனது. வாரத்துக்கு ஒரு பகுதி. ஊர்க் காவல் தெய்வமான கருப்பு குதிரையேறி வந்து தண்டிக்கிறதா, அதன் பெயரால் மனிதன் தண்டிக்கிறானா என்ற ஐயத்தை மாதக்கணக்கில் ஆறவிடாமல் வைத்திருந்தார்கள்.

அந்த இரவுகளில் நம் தெருவில் தொலைக்காட்சி இருந்த வீடுகள் நான்கு. நான்கின் வாசலிலும் செருப்புகள் குவிந்து கிடக்கும். உப்பளத்தில் வேலை முடிந்து வந்த பெண்கள் காலில் உப்பு வெடிப்போடு திண்ணையில் அமர்ந்து சன்னல் வழியே பார்ப்பார்கள். தொடர் முடிந்ததும் எவரும் தனியாக வீடு திரும்ப மாட்டார். குதிரைக் குளம்பொலி காதில் நிற்கும். மறுநாள் முதல் அடுத்த வாரம் வரை புரோட்டாக் கடையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் விசாரணை நடக்கும். நாம் ஒருவரைக் குற்றவாளி என்று உறுதியாக நம்பிப் பந்தயம் கட்டித் தோற்றோம். (பந்தயப் பொருள் கால் கிலோ மக்ரூன்.)

இக்கரைக்கு இக்கதை ஏன் அவ்வளவு ஒட்டியது என்பதற்கு நமக்கு ஒரு விளக்கம் உண்டு. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் 'கடல்கட்டி' என்றொருவர் இருப்பார். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர். அவர் கரையில் இருந்தாலொழியக் குளிப்பவர்கள் கடலில் இறங்க மாட்டார்கள். மந்திரத்தை ஒரு துளியும் நம்பாத ஆங்கிலேய அரசே இலங்கைக் கரையில் இவர்களுக்கு ஊதியம் கொடுத்து வைத்துக்கொண்டது. நம்பாதவன் கூலி கொடுக்கிறான். நம்புகிறவன் துணிந்து இறங்குகிறான். சுறாவின் கருத்தை எவரும் கேட்டதில்லை. நம்பிக்கையும் ஐயமும் ஒரே தோணியில் போவது இங்கே பழைய வழக்கம். 'விடாது கருப்பு' அந்தத் தோணியில்தான் ஏறியது. முடிவில் மனநோயின் வழியாகப் புதிரை அவிழ்த்தபோதும் கருப்பை அது கேலி செய்யவில்லை. அம்முடிவை ஏமாற்றம் என்று சொன்னவர்களும் அன்று உண்டு. நமது கருத்தில் தமிழ்த் தொலைக்காட்சி எட்டிய மிக நேர்மையான முடிவுகளுள் ஒன்று அது.

முத்துக்குளிப்பைக் குறிப்பிட்டோம். அறிவிப்பு, அதைக் கேட்டு எழும் ஆரவாரம் என்ற இரண்டையும் நம் முன்னோர் நன்கறிந்தது அதன் வழியாகவே. கொற்கை முத்தைச் சங்கப் புலவர்கள் பாடினார்கள் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறோம். அம்முத்து எவ்வளவு நிச்சயமற்றது என்பதைச் சொல்வதில்லை. சிப்பிகள் கடலடிப் பாறைத் திட்டுகளில் வாழ்கின்றன. அவற்றைப் 'பார்' என்பது வழக்கு. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொலையிரம் பார் பேர்பெற்றது. ஒரு பாரில் சிப்பி நிறைந்திருக்கும். பிறகு பல ஆண்டுகள் ஒன்றுமே இராது. ஆகவே குளிப்புக்கு முன் அதிகாரிகள் பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிச் சிப்பிகளை எடுத்து அழுகவிட்டு, கழுவிக் கிடைத்த முத்துகளை வணிகர்களைக் கொண்டு மதிப்பிடுவார்கள். மதிப்பு தேறினால் மட்டுமே குளிப்பு நாள் அறிவிக்கப்படும்.

அறிவிப்பு வந்ததும் கரையின் உருவமே மாறிவிடும். கீழக்கரையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் குளிப்பவர்கள் வருவார்கள். பின்னாலேயே வணிகர், வட்டிக்குக் கொடுப்போர், சிப்பி ஏலம் கேட்போர், தின்பண்டம் விற்போர். வெறும் மணலில் ஓலைப் பந்தல்களால் ஒரு நகரம் எழும். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்புகள் 1955 முதல் 1961 வரை நடந்தன. அதன்பின் இயற்கை முத்துக்கான குளிப்பு இங்கு அறிவிக்கப்படவே இல்லை.

நம் கணித நண்பரின் பாட்டனார் அந்தக் கடைசி ஆண்டுகளில் கடலில் இறங்கியவர். குளிப்பு நாட்களைவிட அறிவிப்பு வந்த நாளே நல்ல நாள் என்று அவர் சொல்வாராம். குளிப்பு தொடங்கிவிட்டால் எண்ணிக்கையும் பங்கும் சண்டையும்தான். அறிவிப்பு நாளிலோ கடலடியில் கிடக்கும் சிப்பி ஒவ்வொன்றிலும் முத்து இருக்கும். இதை நண்பர் சொன்னபோது, ஆசிரியர் அறையில் நாம் போட்ட கூச்சலின் பொருள் ஓரளவு விளங்கியது.

ஆனால் அந்த நல்ல நாளுக்கு மறுபக்கமும் உண்டு. 1905இல் இலங்கையின் மறிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதுவரை எவரும் கண்டிராத விளைச்சல். அதைக் கண்டதும் 1906இல் ஓர் ஆங்கிலேய நிறுவனம் அப்பார்களை இருபது ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தது. சென்ற ஆண்டின் கடலையே ஆண்டுதோறும் எதிர்பார்த்தது. கடல் உடன்படவில்லை. சில ஆண்டுகளிலேயே அந்நிறுவனம் கலைந்தது. 1906ஆம் ஆண்டுக் குளிப்பில் இளம் அதிகாரியாகப் பணியாற்றிய லெனார்ட் வுல்ஃப் பின்னாளில் ஆங்கில இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றவர் என்பதை இலக்கிய அன்பர்களுக்காகச் சொல்லிவைக்கிறோம்.

இரசிகர்களாகிய நாமும் பல சமயம் அக்குத்தகைக்காரரைப் போலத்தான் நடந்துகொள்கிறோம். 'விடாது கருப்பு'க்குப் பின் நாகா சும்மா இருந்தாரா? 'ரமணி வெர்சஸ் ரமணி' என்ற நகைச்சுவைத் தொடரைத் தந்தார். இந்திரா சௌந்தர்ராஜனோடு மீண்டும் சேர்ந்து 2004இல் 'சிதம்பர ரகசியம்' தொடங்கினார். 2010இல் 'ஆனந்தபுரத்து வீடு' என்ற திரைப்படம் எடுத்தார். ஒவ்வொன்றையும் நாம் அளந்தது ஒரே கோலால். கருப்பு போல இருக்கிறதா, இல்லையா?

இது நமக்கு மட்டும் உரிய குணமன்று. அமெரிக்காவில் டேவிட் லிஞ்ச் 1990இல் மார்க் ஃப்ராஸ்டுடன் இணைந்து உருவாக்கிய 'ட்வின் பீக்ஸ்' தொடர் மறுபடி வரும் என்று 2014இல் அறிவிப்பு வெளியானது. இரசிகர்கள் துள்ளினார்கள். 2015இல் செலவுத் தொகை பற்றிய பிணக்கால் லிஞ்ச் விலகுவதாகச் சொன்னபோது, அவரில்லாமல் அத்தொடர் வேண்டாம் என்று நடிகர்களும் இரசிகர்களும் குரல் எழுப்பினர். அவர் திரும்பி வந்தார். 2017இல் தொடர் வெளியானது. எந்தத் துப்பறிவாளனைக் காண இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தார்களோ அவனை, பழைய தோற்றத்தில் பழைய அறிவோடு, தொடரின் பெரும்பகுதியில் லிஞ்ச் காட்டவே இல்லை. பலர் சினந்தனர். கேட்டதைக் கொடுக்காத அந்தத் துணிவு நமக்குப் பிடித்திருந்தது. இதை எழுதும்போதே, நாகா அவ்வாறு செய்திருந்தால் நாம் பொறுத்திருப்போமா என்ற கேள்வியும் உறுத்துகிறது.

'ஐந்தாம் வேதம்' 2024 அக்டோபர் 25 அன்று ஜீ5 தளத்தில் வெளியானது. தாயின் இறுதிக் கடனுக்காகக் காசிக்குச் செல்லும் பெண்ணிடம் ஒரு பொருள் ஒப்படைக்கப்பட, அதைத் தமிழகத்துக்குக் கொண்டுவருவதில் கதை தொடங்குகிறது. அப்பெண்ணாகச் சாய் தன்ஷிகா நடித்தார். தேவதர்ஷினியும் உண்டு; அந்த மட்டில் நம் கேள்விகளில் ஒன்றுக்கு விடை கிடைத்தது. வணிகவியல் நண்பர் ஒரே இரவில் கடைசிவரை பார்த்து முடித்து, சிவந்த கண்ணோடு கல்லூரிக்கு வந்தார். இன்னொருவர் இரண்டாம் பகுதியில் இருந்தார். நாம் முதல் பகுதியின் பாதியில் உறங்கிப்போயிருந்தோம். ஆக மூவரும் தொடரைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை. ஒருவர் பேசினால் இன்னொருவர் காதைப் பொத்திக்கொண்டார். திரேஸ்புரத்து நண்பரின் கேள்வி அற்பமானதன்று என்பது அன்றுதான் புரிந்தது. கருப்பை நாம் நினைவில் வைத்திருப்பதற்குப் பாதிக் காரணம் இடையில் கிடைத்த ஆறு நாட்கள். அந்த ஆறு நாட்களை நாகா எங்கிருந்து எடுத்துத் தருவார்?

தொடரின் நிறைகுறைகளை இங்கே விரிக்கப் போவதில்லை. பழையதை மறந்து பார்த்தவர்களுக்கு அது கூடுதலாகப் பிடித்திருந்தது என்று மட்டும் சொல்வோம். நம் அறையின் இளையவர் மூவரில் இருவர் அவ்வகையினர்.

எம்மிடம் அப்போதும் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. நாகா திரும்பி வந்துவிட்டார். அடுத்ததில் இந்திரா சௌந்தர்ராஜனும் அவரும் சேர்வார்கள் என்று பேசிக்கொண்டோம். தொடர் வெளியாகி இரண்டு வாரம் சற்றே கடந்தது எனும் அளவில் நாட்கள் ஓடின. 2024 நவம்பர் 10 அன்று இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மதுரை நமக்கு மூன்று மணி நேரப் பயணம். இலக்கிய மன்றத் தொடக்க விழாவுக்கு அவரை அழைக்கலாம் என்று சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்கள் நம்மிடம் வந்து கேட்டார்கள். பேய்க்கதை எழுதுபவரைத் தமிழ்த்துறை அழைப்பதா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். வாரப் பத்திரிகை எழுத்து என்றார் மற்றொருவர். தலைமாட்டில் 'விட்டு விடு கருப்பா'வை வைத்துப் படித்த நாம், தமிழ் முதுகலைப் பட்டத்தின் கௌரவம் கருதி வாய் மூடி இருந்தோம். வேறொருவர் அழைக்கப்பட்டார். அவர் என்ன பேசினார் என்பது நினைவில் இல்லை.

நவம்பர் 11 அன்று ஆசிரியர் அறையில் எவரும் தொடரைப் பற்றிப் பேசவில்லை. உணவு இடைவேளை முடியும் தறுவாயில் திரேஸ்புரத்து நண்பர் நம் பக்கம் திரும்பி, "அந்த நாவல் உங்ககிட்ட இருக்கா சார்? அப்பாவுக்கு இப்போ கண் சரியாத் தெரியலை, வாசிச்சுக் காட்டணும்" என்றார். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயத்துக்கு மேல் வாசிக்க வேண்டாம் என்று பெரியவர் சொல்லிவிட்டாராம்.