தண்டவாளம் இல்லாத புகையிரதப் பாதை

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள் வட மாநிலங்களுக்கும் கனடாவுக்கும் இரகசியமாகத் தப்பியோடிய வழிகளுக்கு "நிலக்கீழ்ப் புகையிரதப் பாதை" என்பது பெயர். உண்மையில் அங்கே சுரங்கமுமில்லை, புகையிரதமுமில்லை. ஒளித்துவைத்த வீட்டை "நிலையம்" என்றனர். வழிகாட்டியவரைக் "கண்டக்டர்" என்றனர்.

மறைவாய் நடந்த காரியத்துக்குச் சரித்திரம் எழுதுவது எங்ஙனம்? ஒகையோ மாநிலச் சர்வகலாசாலையைச் சேர்ந்த வில்பர் சீபேட் 1890களில் இப்பணியில் இறங்கினார். அக்காலத்தை அறிந்த முதியோருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் கடிதம் எழுதி விசாரித்தார். வந்த பதில்களைக் கொண்டு வழிகளைப் படமாக வரைந்தார். 1898இல் வெளிவந்த அவரது நூலில், உதவி புரிந்தோர் சுமார் 3,200 பேரின் பெயர்கள் உள. அவ்வுழைப்பை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆனால், அப்பட்டியலில் பெரும்பாலோர் வெள்ளையர். முப்பது நாற்பது ஆண்டுகள் கழிந்தபின் நினைவுகூருமிடத்து, தந்தையாரின் வீரம் சற்று வளர்ந்துவிடுவது எந்த ஊரிலும் உள்ளதுதானே! தப்பியோருட் பலர் தம் துணிவாலும் தம்மினத்தாரின் துணையாலுமே வழிகண்டனர் என்பதை 1961இல் லரி காரா என்ற சரித்திராசிரியர் எடுத்துக்காட்டினார்.

சீபேட்டுக்கு முன்னரே வேறொருவர் எழுதிவைத்திருந்தார். பிலடெல்பியா நகரில் அடிமை ஒழிப்புச் சங்கமொன்றின் காரியாலயத்தில் லிகிதராயிருந்த வில்லியம் ஸ்ரில் என்ற கறுப்பினத்தவரே அவர். 1850இல் பீற்றர் என்னும் நடுவயதினர் ஒருவர் அலபாமாவிலிருந்து வந்து, சிறுவயதிற் பிரிந்த தம் பெற்றோரைத் தேடுவதாகக் கூறினார். பெயர்களைக் கேட்டார் லிகிதர். தகப்பன் லெவின், தாய் சிட்னி என்றார் வந்தவர். அவை ஸ்ரிலின் சொந்தப் பெற்றோரின் பெயர்கள்! அந்தத் தாய் தப்பியோடிய இரவில், அடிமைத்தனத்திலேயே விட்டுச்செல்ல நேர்ந்த இரு புதல்வருள் ஒருவரே பீற்றர். நாற்பது ஆண்டுகளுக்குமேற் காணாத தமையன், தாம் பிறப்பதற்கு முன்னரே பிரிந்தவர், மேசைக்கு எதிரே அமர்ந்திருந்தார்.

பிரிந்த ஏனைய குடும்பங்களும் இவ்வாறு ஒன்றுசேரலாம் என்ற எண்ணமே ஸ்ரிலை விரிவாகக் குறிப்பெடுக்கத் தூண்டிற்று. அது ஆபத்தான வேலை. தப்பியோடியோருக்கு உதவினால் ஆயிரம் டொலர் வரை தண்டமும் ஆறு மாதம் வரை மறியலும் என்று அதே 1850இல் சட்டம் பிறந்திருந்தது. அக்குறிப்புகளை அவர் ஒளித்துவைத்துக் காத்தார். அடிமைமுறை ஒழிந்தபின், 1872இல், அவை நூலாயின. ஓடிவந்தவரின் பெயர், வயது, மாற்றிக்கொண்ட புதுப்பெயர், பின்னே விட்டுவந்த மனைவி மக்கள் ஆகியனவே அந்நூலின் பக்கங்களை நிறைத்துள்ளன.