நிறையிலிருந்து வளர்ச்சிக்கு: கருப்பைச் சிசுவின் வளர்ச்சிக்குறைவை இனங்கண்ட வரலாறு

ஒரு நோயை இனங்காணுதல் பல வேளைகளில் அதனைப் பிறிதொன்றினின்றும் வேறுபடுத்துவதோடு தொடங்குகின்றது. கருப்பையினுள் வளர்ச்சி தடைப்பட்ட சிசுவைப் பொறுத்தவரை, இவ்வேறுபாடு நெடுங்காலம் உணரப்படவில்லை. சிறிதாகப் பிறந்த குழந்தைகள் பொதுவாகக் காலத்துக்கு முந்திப் பிறந்தனவாகவே கொள்ளப்பட்டன. பின்லாந்து நாட்டுக் குழந்தை வைத்தியர் ஆர்வோ யுல்ப்போ 1919 இல் 2,500 கிராம் என்னும் எல்லையை முன்வைத்தார். 1948 இல் உலக சுகாதார ஸ்தாபனமும் அதனையே முதிராப் பிறப்பின் அளவுகோலாக ஏற்றது.

எளிமையான இவ்வெல்லை இருவேறு குழந்தைகளை ஒன்றாக்கிவிட்டது. முப்பத்திரண்டு வாரத்திற் பிறந்து, அவ்வயதுக்கேற்ற நிறையோடிருக்கும் குழந்தை ஒன்று. நாற்பது வாரம் கருப்பையிலிருந்தும் போதிய ஊட்டம் பெறாது மெலிந்த குழந்தை மற்றையது. முன்னையதற்கு வேண்டியிருந்தது காலம்; பின்னையதற்கோ அக்காலமே பகையாயிற்று. 1961 இலேயே அந்த ஸ்தாபனம் குறைந்த பிறப்பு நிறையையும் முதிராப் பிறப்பையும் வெவ்வேறாக நோக்கியது.

1963 இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் லூலா லப்சென்கோவும் அவரது குழுவினரும் பிறப்பு நிறையைக் கர்ப்ப வாரங்களோடு இணைத்துச் சதமணை வரைபடங்களை வெளியிட்டனர். பத்தாம் சதமணைக்குக் கீழ்ப்பட்டோர் வயதுக்குச் சிறியோர் எனப்பட்டனர். ஆயின் டென்வர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்திலுள்ள நகராகும். உயரம் மிகப் பிறப்பு நிறை குறையும். ஆகவே அவ்வரைபடம் சமவெளிக் குழந்தைகளுக்கு முற்றாகப் பொருந்தவில்லை. யாரோடு யாரை ஒப்பிடுவது என்னும் வினா இன்றும் தீர்ந்தபாடில்லை.

இவையாவும் பிறந்த பின்னர் அளந்தவை. பிறக்குமுன் அறிவதற்குக் கையும் அளவுநாடாவுமே நெடுங்காலம் உதவின. எலிஸ் மக்டொனால்ட் 1906 இல் விவரித்த முறையின்படி, பூப்பென்பு முதல் கருப்பையின் உச்சிவரை அளக்கப்பட்டது. நடுக்கர்ப்பத்தின் பின் அவ்வளவு சென்ரிமீற்றரில் வார எண்ணிக்கையை ஏறத்தாழ ஒத்திருக்கும். செலவற்ற இம்முறை, தாயின் உடற்பருமனாலும் இரட்டைக் கருவாலும் தவறக்கூடியது. எனினும் இன்றும் வழக்கொழியவில்லை. பின்னர் தாயின் சிறுநீரில் ஈஸ்ட்ரியோல் என்னும் ஓமோனை அளந்து சூல்வித்தகத்தின் நலத்தை அறிய முயன்றனர். நாளுக்கு நாள் பெரிதும் மாறிய அவ்வளவுகளில் நம்பிக்கை நிலைக்கவில்லை.

திருப்புமுனை கிளாஸ்கோ நகரில் நேர்ந்தது. உலோகத்தின் உட்குறைகளைக் காண உதவிய கழியொலிக் கருவியை மருத்துவத்துக்குத் திருப்பிய இயன் டொனால்ட், ஜோன் மக்விக்கர், பொறியியலாளர் ரொம் பிரவுண் ஆகியோர் 1958 இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஸ்ருவட் கம்பெல் 1971 இல், சிசுவின் தலையகலத்தைத் தொடர்ந்து அளந்து வளர்ச்சிக்குறைவை அறியலாம் எனக் காட்டினார். ஆனால் ஊட்டம் குன்றும்போது உடல் குருதியை மூளைக்கு முதன்மையாக அனுப்புகின்றது. தலை வளர, ஈரலின் சேமிப்புக் கரைந்து வயிறு சுருங்குகின்றது. எனவே தலையளவு மட்டும் போதாது. 1975 இல் கம்பெலும் வில்கினும் வயிற்றின் சுற்றளவைக்கொண்டு சிசுவின் நிறையை மதிப்பிடும் முறையை முன்வைத்தனர்.

இருப்பினும் சிறியது நோயுற்றது ஆகாது. சிறிய பெற்றோரின் சிறிய குழந்தை நலமாகவே இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறியத் துணைநின்றது டொப்ளர் முறை. 1977 இல் டப்ளினில் பிற்ஸ்ஜெரால்டும் டிரம்மும் கொப்பூழ்நாண் குருதியோட்டத்தைக் கழியொலியால் ஆராய்ந்தனர். சூல்வித்தகத்தில் தடை மிகும்போது, இதயத் துடிப்புகளுக்கிடையிலான ஓட்டம் குறைந்து, நின்று, ஈற்றில் பின்னோக்கியும் பாயும் என்பது பின்னர் தெளிவாயிற்று.

2016 இல் பன்னாட்டு நிபுணர்கள் எட்டிய உடன்பாடு இவ்வரலாற்றின் சாரத்தைக் கொண்டுள்ளது. மூன்றாம் சதமணைக்குக் கீழ்ப்பட்ட அளவு தனித்தே போதிய சான்றாகும். பத்தாம் சதமணைக்குக் கீழ்ப்பட்டதற்கோ குருதியோட்டக் குறைபாடு போன்ற வேறு சான்றும் வேண்டும்.

இங்கே பிழையின் விலை இருபுறமும் பெரிது. இனங்காணத் தவறின் சிசு கருப்பையிலேயே இறக்கலாம். நலமுள்ள சிசுவை நோயுற்றதென மயங்கின் அது வேண்டாது முந்திப் பிறக்கும். தடைப்பட்ட வளர்ச்சியை மீட்கும் நிலைபெற்ற மருந்து இன்னும் இல்லை. உரிய வேளையிற் பிறப்பித்தலே வழி. அவ்வேளையைக் கணிப்பதற்கு ஒருநாள் நிறையைவிட, வாரங்களினூடே தொடரும் வளர்ச்சியே சிறந்த சான்றென்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.