பினாங்குத் தமிழரும் மறதிநோய்த் தடுப்பும்

மறதிநோய் எனப்படும் டிமென்ஷியா, நினைவு, பேச்சு, வழியறிதல், முடிவெடுத்தல் முதலிய திறன்கள் அன்றாட வாழ்வே தடுமாறும் அளவுக்குத் தேய்ந்துபோகும் நிலையாகும். மலேசியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு இது இருக்கக்கூடும் என 2018ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு மதிப்பிட்டது. தடுப்பு பற்றிய பேச்சு எழுந்தாலே குறுக்கெழுத்துப் புதிர், நினைவாற்றல் மாத்திரை என்று கவனம் போய்விடுகிறது. ஆனால் பினாங்குத் தமிழர்கள் முதலில் கவனிக்க வேண்டியவை இனிப்புநீர் எனப்படும் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும்தான். அதையும் நாற்பது வயதிலேயே தொடங்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு.

உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. அந்த ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கூடிய சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஆண்டுக்கணக்கில் தடிக்கவைத்துச் சுருக்குகின்றன. வலி ஏதும் இல்லாமலே மூளையின் சிறுசிறு பகுதிகள் செத்துப்போகின்றன. இந்தச் சேதத்தைக் குறைக்கலாம் என்பதற்கு, சீனக் கிராமங்களில் சுமார் 34,000 பேரிடம் நடத்தப்பட்டு 2025இல் வெளியான சோதனை வலுவான சான்று. கிராமச் சுகாதாரப் பணியாளர்களே நான்கு ஆண்டுகள் அழுத்தத்தைக் கண்காணித்து மருந்து கொடுத்த ஊர்களில், வழக்கமான சிகிச்சை நடந்த ஊர்களைவிட மறதிநோய் 15 விழுக்காடு குறைந்தது. பெரிய மருத்துவமனை இல்லாமலே கிடைத்த பலன் இது.

‘எல்லாம் பரம்பரை, வயதானால் வருவதுதான்’ என்பார்கள். அதில் பாதி உண்மை. புகை, உடலுழைப்பின்மை, கெட்ட கொழுப்பு, தனிமை உள்ளிட்ட 14 காரணங்களை அறவே நீக்கினால் உலகில் சுமார் 45 விழுக்காடு நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் கணக்கிட்டது. சமுதாயம் முழுமைக்குமான இந்தக் கணக்கு தனி ஒருவருக்கு உத்தரவாதம் ஆகாது. ஒழுங்காக வாழ்ந்தவருக்கும் நோய் வரலாம். அவரைக் குறை சொல்வது கொடுமை. ஆனாலும் அந்தக் காரணங்களில் பலவும் இதயத்தையும் சேர்த்தே கெடுப்பவை என்பதால், எடுத்த முயற்சி எதுவும் வீணாகாது. இந்தப் பட்டியலில் நம் வீடுகள் கண்டுகொள்ளாத ஒன்று காது மந்தம். கேட்கவில்லை என்று பெரியவரைப் பேச்சிலிருந்து ஒதுக்கிவிட்டால் தனிமையும் கூடவே வந்து சேர்கிறது. காதுக்கருவி மாட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி உணவுக்கு வருவோம். ரொட்டி சானாயும் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும் ஜார்ஜ்டவுனில் பசியாறும் வழக்கத்தோடு ஒட்டிப்போனவை. குழம்பு ஊற்றிய நாசி கண்டார் சோற்றை விட்டால் வாழ்க்கையில் ருசி ஏது என்ற கேள்வியும் நியாயமானதே. எதையும் அடியோடு விட வேண்டியதில்லை. சோறு முங்க நாலு குழம்பை ‘பஞ்சிர்’ (வெள்ளம்) என்று ஊற்றிக்கொள்ளாமல் ஒரே குழம்பை அளவாகக் கேட்டு, வெண்டைக்காயைக் கூட்டிக்கொண்டால் உப்பும் எண்ணெயும் குறையும். தேநீரைக் ‘கூராங் மானிஸ்’ (இனிப்பு குறைவாக) என்று சொல்லி வாங்கலாம். நடக்க 1884இல் அமைந்த தாவரவியல் பூங்கா இருக்கிறது. முட்டி இடம் கொடுப்பவர்களுக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 500க்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட்தான். நாற்பதைத் தொட்டவர்கள் இந்த வாரமே போய் அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.